தொண்ணூறு என்றால் நூறு இல்லை

"எண்ணால் எழுதுக: தொண்ணூற்று மூன்று." பையன் 903 என்று எழுதியிருந்தான். அடுத்த கேள்வி, "தொள்ளாயிரத்து நான்கு." அதற்கு 9004. இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வு, கணக்கில் 60க்கு 14. தாளோடு ஒரு செய்தியும் வந்திருந்தது: பையனுக்கு இடமதிப்பே தெரியல, மூணாம் வகுப்புல தங்கச்சி பக்கத்துல கொஞ்ச நாள் உட்கார வைக்கலாமான்னு வீட்ல கேட்டுச் சொல்லுங்க.

அதைக் கேட்ட அன்றிலிருந்து ஒரு வாரம் அவன் பள்ளிக்கூடமே போகவில்லை. பத்து வயசுப் பையன், தங்கச்சியோட கிளாஸ்ல போய் உட்காருவானா?

இது திருப்பூர். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். அப்பா பனியன் கம்பெனியில் அயர்னிங், அம்மா செக்கிங். பீகாரில் சிவான் பக்கம் சொந்த ஊர். இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் பேசுவது போஜ்புரி, ஊரில் படித்தது இந்தியில், இப்போது படிப்பது தமிழ் வழி அரசுப் பள்ளியில். நான் ஆசிரியர் இல்லை. கணக்கு எழுதும் வேலை. சின்ன வயதில் இந்தி பிரசார சபா பரீட்சை 'மத்தியமா' வரைக்கும் எழுதியவள் என்பது மட்டுமே தகுதி. அந்த அரைகுறை இந்தியை நம்பித்தான் அவன் அம்மா என்னிடம் அனுப்பினார். சாயங்காலம் ஏழு முதல் எட்டு வரை. அந்த ஒரு வருஷத்தில் நான் செய்த தப்புகளையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

903 எப்படி வந்தது?

முதலில் அந்த இரண்டு 'தப்பு'களைப் பார்ப்போம். நூறு என்றால் 100 என்று அவனுக்குத் தெரியும், கடையில் பழகியது. 'தொண்' என்பது ஒன்பதோடு சம்பந்தப்பட்டது என்றும் ஊகித்திருக்கிறான். அப்போ தொண்ணூறு = ஒன்பது நூறு = 900. அதோடு மூன்று, 903. அதே மாதிரி தொள்ளாயிரம் = ஒன்பது ஆயிரம். அதோடு நான்கு, 9004. இதில் எங்கே சார் இடமதிப்பு தெரியாமல் போனது?

நாம் யோசிக்காமலே கடந்துபோன விஷயம் இது. எழுபது, எழுநூறு. எண்பது, எண்ணூறு. இதுவரை ஒழுங்கு. ஒன்பதுக்கு வரும்போது மட்டும் எல்லாம் ஒரு படி ஏறி நிற்கிறது: 90க்குத் தொண்ணூறு, 900க்குத் தொள்ளாயிரம். எண்ணூறு என்றால் 800, அதே ஓசையில் வரும் தொண்ணூறு வெறும் 90. ஒன்பதுக்குப் பழந்தமிழில் 'தொண்டு' என்று ஒரு பெயர் இருந்தது, அதன் மிச்சம்தான் இந்தச் சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்க் குழந்தை எழுத்து படிப்பதற்கு முன்பே பாட்டாகப் பாடி இதை மனப்பாடம் செய்துவிடுகிறது. அதனால் விநோதம் கண்ணில் படுவதே இல்லை. வெளியிலிருந்து வருபவன் அர்த்தம் பார்த்துப் படிக்கிறான், மாட்டிக்கொள்கிறான்.

நான் 904 என்று எழுதி, ஒன்பதைத் தொட்டு, "இதோட மதிப்பு எவ்வளவு?" என்று இந்தியில் கேட்டேன். "நௌ சௌ" என்றான் உடனே. தொள்ளாயிரம். சைபரைத் தொட்டேன். "பத்துகள் இல்ல" என்றான். இடமதிப்பு தெரியாத பையன் சொல்கிற பதிலா இது?

அவனுடைய இந்தியிலும் இப்படிப்பட்ட மேடுபள்ளம் உண்டு. தமிழில் இருபத்தொன்று என்றால் இருபதும் ஒன்றும் தனித்தனியாகக் காதில் விழும். இந்தியில் 21 'இக்கீஸ்', 25 'பச்சீஸ்', எல்லாம் உருகிப்போன சொற்கள். 29 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. 49 'உன்சாஸ்', ஐம்பதுக்கு ஒன்று குறைவு. நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டு வந்தவன் அவன். தமிழில் ஒன்பதின் குடும்பம் மட்டும்தான் வம்பு என்று சொன்னதும் சிரித்துவிட்டான். ஒரு அட்டையில் 90, 900 இரண்டையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ரெண்டே நாள், முடிந்தது விஷயம்.

ரெண்டு நாளில் சரியாகிற ஒன்றுக்காக ரெண்டு வகுப்பு கீழே இறக்கப் பார்த்தார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒருவனின் 903க்குப் பின்னால் இருக்கும் கணக்கை யார் நின்று விசாரிக்க முடியும்? ஆனால் விசாரிக்க ஆள் இல்லையென்றால் அந்தத் தாள் சொல்வதுதான் தீர்ப்பு ஆகிவிடுகிறது.

"நல்லாத்தானே பேசறான்?"

ஆசிரியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "தமிழ் நல்லாப் பேசறான். விளையாட்டுல எல்லாம் வாய் மூடறதில்ல. புக்க எடுத்தா மட்டும் ஊமை. சோம்பேறித்தனம்தான்."

அவன் பேசுவது அசல் கொங்குத் தமிழ். "வாங்க்கா, உக்காருங்க" என்பான். கேட்கிற யாரும் இவனுக்குத் தமிழ் தெரியும் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979இல் ஒரு வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். அன்றாடம் பேசிப் பழகுகிற மொழித்திறன் ஒன்று, பாடம் படிக்கத் தேவையான மொழித்திறன் இன்னொன்று. கனடாவுக்குக் குடிபெயர்ந்த குழந்தைகளைப் பற்றிய அவருடைய ஆய்வில், முதலாவது கைவர சுமார் 2 ஆண்டு போதும் என்று தெரிந்தது. இரண்டாவதில் கூடப் படிக்கும் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகிறது. பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார், கை காட்டுகிறார், முகம் சுளிக்கிறார், பொருள் கண்ணெதிரே இருக்கிறது. புத்தகத்தில் வெறும் சொல்தான். நடுவில் இருக்கிற அந்த மூன்று நான்கு வருஷங்களில்தான் இந்தக் குழந்தைகளுக்கு 'நல்லாப் பேசறான், ஆனா மண்டைல ஏறல' என்ற பட்டம் கிடைக்கிறது.

தமிழில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. நம் பேச்சும் எழுத்தும் ஒன்றல்ல என்பது நமக்கே தெரியும். ஆனால் அது எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பையனோடு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவனுக்குத் 'தண்ணி' தெரியும், 'நீர்' தெரியாது. 'வந்தாங்க' தெரியும், 'வந்தனர்' தெரியாது. 'இருக்கு' தெரியும், 'உள்ளன' என்றால் என்ன என்று கேட்டான். தெருவில் ஒன்றரை வருஷத்தில் ஒரு தமிழைக் கற்றுக்கொண்டு வகுப்புக்குப் போகிறான். அங்கே இன்னொரு தமிழ் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். இப்படி ஒரு கணக்கு: "ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் உள்ளன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தால், ஒருவருக்குக் கிடைக்கும் பழங்கள் எத்தனை?" 48ஐயும் 6ஐயும் கூட்டி 54 என்று எழுதினான். வாசகம் புரியாத குழந்தை கண்ணில் படும் எண்களை எடுத்துத் தெரிந்த ஏதோ ஒன்றைச் செய்யும். நோட்டை மூடச் சொல்லிவிட்டு வாயால் கேட்டேன்: "நாப்பத்தெட்டு மாம்பழம் இருக்கு, ஆறு பேரு, சமமாப் பிரிச்சா ஆளுக்கு எத்தன?" நான் முடிப்பதற்குள் "எட்டு" என்றான். கணக்கு வந்துவிட்டது. வராதது 'அவற்றை'யும் 'பகிர்ந்தளித்தா'லும்.

அன்றிலிருந்து எந்தக் கணக்கில் சிக்கினாலும் நாலு படியாகக் கேட்பது வழக்கமானது. முதலில் வெறும் எண்ணாக, 48 ÷ 6. பிறகு அவன் மொழியில். பிறகு பேச்சுத் தமிழில். கடைசியாகப் புத்தகத் தமிழில். எந்தப் படியில் நிற்கிறானோ அங்கேதான் வேலை. முதல் படியிலேயே நின்றால் கணக்கைச் சொல்லித்தர வேண்டும், மொழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பின்னத்தில் அப்படி நின்றான். 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று எந்த மொழியில் கேட்டாலும் 1/4 என்றான். அது மொழிப் பிரச்சினை இல்லை, ரொட்டியைப் பிய்த்துக் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. கடைசிப் படியில் மட்டும் நின்றால் கணக்கைத் திரும்பச் சொல்லித்தருவது வீண், சொல்லைத்தான் சொல்லித்தர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி, குழந்தையை 'நமக்கு ஒண்ணும் வராது போல' என்று நம்ப வைத்துவிடுவோம்.

ஒரு 'க', எத்தனை ஓசை?

வாசிப்பில் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "அக்கா, இதுல எந்த 'க'ன்னு எப்படித் தெரியும்?"

இந்தியில் க வரிசையில் நான்கு எழுத்து: வல்லோசை ஒன்று, மெல்லோசை ஒன்று, இரண்டுக்கும் மூச்சு சேர்ந்து வரும் வடிவம் ஒவ்வொன்று. எழுத்தைப் பார்த்தால் ஓசை தெரிந்துவிடும். தமிழில் ஒரே க. கடல், தங்கம், பகல் மூன்றிலும் அதே எழுத்து, மூன்று ஓசை. தமிழ்க் குழந்தை இதைக் கேட்பதில்லை, ஏனென்றால் 'தங்கம்' என்ற சொல் அதற்கு முன்பே தெரியும். எழுத்து ஞாபகப்படுத்தினால் போதும். இவனுக்குச் சொல்லே புதிது.

விதி இருக்கிறது. நாம் படிக்காமலே பின்பற்றுகிற விதி. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை: கடல், பக்கம். ங், ஞ், ண், ம் போன்ற மெல்லினத்துக்குப் பின்னால் மெல்லோசை: தங்கம், மஞ்சள், வண்டி, பாம்பு. இரண்டு உயிரோசைகளுக்கு நடுவில் இன்னும் இளகும்: பகல், பாசம், வீடு. 'கணபதி' மாதிரி வேற்றுமொழியிலிருந்து வந்த சொற்கள் விதியை மீறும், அவற்றைத் தனியாகப் பழக வேண்டும். இதை அட்டவணையாகப் போட்டுக் கொடுத்ததும் அவன் வாசிப்பு ஒரே மாதத்தில் மாறியது. ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை. அதில் நம்ம பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்கு வராது, விட்டுவிட்டேன்.

நான் செய்த இரண்டு தப்பு

தொண்ணூறு விஷயம் சரியான வேகத்தில் நான் ஒரு சட்டம் போட்டேன்: "இங்க தமிழ்ல மட்டும்தான் பேசணும்." அவன் அம்மாவிடமும் "வீட்ல தமிழ்லயே பேசுங்க, அப்பதான் சீக்கிரம் வரும்" என்று அறிவுரை சொன்னேன். நல்லெண்ணம்தான். நாம் எல்லாரும் சொல்கிற அறிவுரைதான்.

அடுத்த சில வாரங்களில் அவன் பேச்சு சுருங்கியது. தெரிந்த சொற்களுக்குள் அடங்குகிற விஷயத்தை மட்டும் சொன்னான். அறிவியலில் ஆவியாதல் பாடம் வந்தபோது "தண்ணி போயிரும்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. வெறுத்துப்போய் ஒரு நாள் "சரி, உன் பாஷைல சொல்லு" என்றேன். மழைத் தண்ணீர் தேங்கிய குழி வெயிலில் எப்படி வற்றுகிறது, ஏன் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் காய்கிறது, டம்ளரில் ஊற்றினால் ஏன் நேரமாகிறது, அப்பாவின் அயர்ன் பெட்டியிலிருந்து வருகிற புகை என்ன, எல்லாம் சொன்னான். அந்தப் பாடத்தில் இருந்ததைவிட அதிகம். அத்தனையையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று சொன்னது நான்தான்.

அவன் அம்மாவுக்கு நான் சொன்ன அறிவுரை அதைவிட மோசம். அவருக்கு ரேஷன் கடையிலும் கம்பெனியிலும் பழகிய சொற்கள்தான் தமிழ். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாய் பிள்ளையோடு என்ன பேச முடியும்? "வா, சாப்பிடு, தூங்கு." கதை போய்விடும், ஊர் போய்விடும், ஏன் எதற்கு என்ற கேள்வி போய்விடும். மறுபடியும் போய்ச் சொன்னேன்: "உங்க பேச்சுலயே பேசுங்க. இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக்கொடுத்தாங்கன்னு தினமும் உங்க பேச்சுல கேளுங்க. அவன் விளக்கிச் சொல்லட்டும்." அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் அந்த வீட்டில் என்ன செய்து வைத்திருந்தேன் என்று புரிந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. குழந்தைக்குக் கற்பிக்கச் சிறந்த ஊடகம் தாய்மொழி என்று யுனெஸ்கோ 1953 அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஆறு வருஷத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபா மொழியில் நடத்தி, ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பாதியில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளைவிட அவர்கள் எதிலும் பின்தங்கவில்லை, ஆங்கிலத்திலும்கூட. தெரிந்த மொழியில் ஊன்றிய அறிவு புது மொழிக்கு இடம் மாறும், தொலைந்து போகாது.

திருப்பூர் அரசுப் பள்ளியில் போஜ்புரி வழி வகுப்பு வராது. இங்கே வாழ அவனுக்குத் தமிழ் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. அப்போது இரண்டாவது தப்பைச் செய்தேன். எல்லாவற்றையும் இந்தியில் பெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் புத்தகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். எப்படியும் அக்கா இந்தியில் சொல்லுவாங்க, எதுக்குப் படிக்கணும்?

கடைசியில் நிலைத்த முறை இது. பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அவன் மொழியில், இன்னைக்கு எதைப் பற்றிப் படிக்கப்போகிறோம், உனக்கு என்ன தெரியும் என்று பேச்சு. பிறகு பாடம் முழுக்கத் தமிழில், புத்தகத்தை வைத்துக்கொண்டு, பெயர்த்துச் சொல்லாமல். முடிந்ததும் புரிந்ததை அவன் இஷ்டப்பட்ட மொழியில் சொல்லலாம். கூடவே மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு: புத்தகச் சொல், பேச்சுச் சொல், அவன் சொல். 'எஞ்சியவை' என்பதற்கு எதிரே 'மீதி', அதற்கு எதிரே 'பாக்கி'. பாக்கியைப் பார்த்ததும் "இது எங்க வார்த்தை" என்றான். "எங்க வார்த்தையும்தான்" என்றேன்.

அப்படித்தான் சொந்தம் தேடும் விளையாட்டு ஆரம்பித்தது. சாவிக்கு இந்தியில் சாபி, மேசைக்கு மேஜ், அலமாரிக்கு அலமாரியேதான். சாவியும் அலமாரியும் இரண்டு பேருக்கும் போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போனவை. திரவம் அங்கே 'த்ரவ்', கணிதம் 'கணித்'. சொல்லைவிட வாக்கிய அமைப்பில் ஒற்றுமை அதிகம். "வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கிட்டான்." இந்தியில் "கர் ஜாகர், கானா காகர், சோ கயா." வரிசைகூட மாறவில்லை. "எனக்குப் பசிக்குது" என்பதை "முஜே பூக் லகீ ஹை" என்றும், போஜ்புரியில் "ஹம்ரா பூக் லாகல் பா" என்றும் சொல்கிறார்கள். மூன்றிலும் பசி எனக்குத்தான் வருகிறது. மொழிக்குடும்பம் வேறாக இருந்தும் இந்திய மொழிகள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பழக்கவழக்கத்தைப் பகிர்ந்துகொண்டதை எமனோ என்ற மொழியியலாளர் 1956இல் விரிவாக எழுதினார். இந்தச் சங்கதி தெரிந்த பிறகு பையன் தமிழை அந்நியமாகப் பார்க்கவில்லை. இந்தி வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றிப் போட ஆரம்பித்தான். முக்கால்வாசி சரியாக வந்தது.

கடைசியாக

மூணாம் வகுப்புப் பேச்சு அதோடு நின்றது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், அதற்குத் தனிப் பயிற்சி கொடுக்கவும் சொல்கிறது. வகுப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் சட்டம் பேசப் போகவில்லை. அந்த மாம்பழக் கணக்கை ஆசிரியர் முன்னால் இரண்டு விதமாகவும் கேட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வாயால கேட்டதே இல்லைங்க" என்றார். அதன் பிறகு தேர்வில் கேள்வி புரியவில்லை என்றால் அவனுக்குப் படித்துக் காட்டினார்.

அரையாண்டில் கணக்கு 60க்கு 33. அறிவியல் 19தான். சமூக அறிவியலைப் பற்றிப் பேச வேண்டாம். கம்மின்ஸ் கணக்குப்படி பார்த்தால் இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது. அதுவரை இந்தக் குடும்பம் இதே ஊரில் இருக்குமா என்பது பனியன் ஆர்டரைப் பொறுத்த விஷயம். சத் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர இந்த முறை ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் எனக்கு நிலைகொள்ளவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். புத்தகத்தில் இருக்கிற கேள்வியைப் பேச்சுத் தமிழில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தப்பு விடையைப் பார்த்தால் அடிப்பதற்கு முன்னால் "எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் வேறு மொழி எதுவும் தேவையில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு மூணாம் வகுப்பில் மூன்று இலக்க எண்கள் நடக்கிறதாம். சுவரில் இருந்த அட்டையைக் காட்டி அவளுக்குப் போஜ்புரியில் ஏதோ நீளமாக விளக்கினான். நடுவில் எனக்குப் புரிந்தது இரண்டே சொல்: தொண்ணூறு, தொள்ளாயிரம். அவள் நோட்டில் 93 என்று எழுதினாள்.